ரவுண்டானாவில் இண்டிகேட்டர்: எப்போது, எந்தப் பக்கம், யாருக்காக

ரவுண்டானாவுக்குள் நுழையும்போது இண்டிகேட்டர் போடுகிறவர்களில் பலர் வெளியேறும்போது போடுவதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும் என்று ஒரு நிலை வந்தால், வெளியேறும்போது போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ரவுண்டானாவை நெருங்குவது முதல் அதை விட்டு வெளியே வந்து சேர்வது வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

இங்கே சொல்வதெல்லாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளை வைத்து. அங்கே வண்டிகள் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

யாருக்காகப் போடுகிறோம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டச் சந்திப்புகள் வந்தபோது, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது தெளிவாக இல்லை. பல இடங்களில் நுழையும் வண்டிக்கே முன்னுரிமை. வண்டிகள் பெருகியதும் இது பெரிய தொல்லையாகிவிட்டது. வெளியில் இருப்பவர்கள் நுழைந்துகொண்டே இருப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழி கிடைக்காமல் நிற்பார்கள், கடைசியில் வட்டமே பூட்டிக்கொள்ளும். பிரிட்டன் 1966 நவம்பரில் இதைத் தலைகீழாக மாற்றியது: உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும். இன்று உலகின் பெரும்பாலான ரவுண்டானாக்கள் இந்த விதியில்தான் ஓடுகின்றன. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி 12 அவென்யூக்கள் வந்து சேரும் வட்டம் பெயர்பெற்ற விதிவிலக்கு. அங்கே இப்போதும் நுழையும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

இண்டிகேட்டரின் வேலையும் இந்த விதியிலிருந்துதான் வருகிறது. நுழைவாயிலில் காத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வலப்பக்கமிருந்து வரும் வண்டி தன்னை வந்தடையும் முன்பே வெளியேறப் போகிறதா, இல்லை தன்னைக் கடந்து சுற்றப் போகிறதா? வெளியேறப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் அவர் தயாராகிவிடுவார், இடைவெளி வந்ததும் நுழைந்துவிடுவார். தெரியாவிட்டால் நிற்பார். அந்த வண்டி இண்டிகேட்டர் போடாமலே வெளியேறிய பிறகுதான், நுழைந்திருக்கலாமே என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். அவருக்குப் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் அந்த ஒரு தருணத்தை இழக்கிறது. நெரிசல் நேரத்தில் ஒரு ரவுண்டானா எவ்வளவு வண்டிகளை விடும் என்பது இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடைவெளிகளைப் பொறுத்தது.

காத்திருக்கும் ஓட்டுநர் மட்டும் அல்ல, உங்கள் இண்டிகேட்டரைப் படிப்பவர்கள் இன்னும் உண்டு. உங்கள் பின்னால் வருபவர், நீங்கள் வேகம் குறைக்கப் போகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறார். இடப்பக்கத்தில் ஒட்டி வரும் சைக்கிள்காரரும் டூவீலர்காரரும் நீங்கள் தங்கள் குறுக்கே திரும்பப் போகிறீர்களா என்று பார்க்கிறார்கள். எல்லோரையும்விட முக்கியமானவர், நீங்கள் வெளியேறப் போகும் சாலையைக் கடக்க நடைபாதை ஓரத்தில் நிற்பவர். வட்டத்தில் சுற்றும் வண்டி தன் பக்கம் திரும்புமா திரும்பாதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியே இல்லை. கையில் குழந்தையோடு நிற்பவருக்கும், வேகமாக நடக்க முடியாத முதியவருக்கும் உங்கள் இடது இண்டிகேட்டர் ‘இப்போது இறங்காதீர்கள்’ என்று சொல்கிறது. காருக்குள் உட்கார்ந்து யோசிக்கும்போது இவர்கள் நினைவுக்கு வருவதே இல்லை, வர வேண்டும்.

முதல் கட்டம்: வந்து சேருமுன்பே முடிவெடுங்கள்

ரவுண்டானாவில் நடக்கும் தடுமாற்றங்களில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று தெரியாமல் உள்ளே போனவரால் சரியான நேரத்தில் இண்டிகேட்டர் போட முடியாது. ஆகவே முன்னறிவிப்புப் பலகை கண்ணில் பட்டவுடன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நம் வழி எத்தனையாவது? அது எந்தத் திசையில் இருக்கிறது?

இந்த இரண்டும் ஒன்றல்ல. ‘மூன்றாவது வழியில் வெளியேறவும்’ என்று மேப் சொல்லும். ஆனால் ஐந்து சாலைகள் சேரும் இடத்தில் மூன்றாவது வழி கிட்டத்தட்ட நேராக இருக்கலாம். மூன்று சாலைகள் மட்டும் சேரும் இடத்தில் அதே மூன்றாவது வழி நீங்கள் வந்த சாலையாகவே இருக்கும். எண்ணிக்கை எங்கே வெளியேறுவது என்று சொல்லும், நெருங்கும்போது எந்த இண்டிகேட்டர் போடுவது என்பதைத் திசைதான் சொல்லும். பலகையில் இருக்கும் வட்டத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டு, நீங்கள் வரும் சாலையை 6 மணியில் வையுங்கள். 12 மணிக்குப் பக்கத்தில் இருப்பது நேர்வழி. அதைத் தாண்டி வலப்புறம் இருப்பவை வலது திருப்பங்கள். சாலையில் அம்புக்குறியோ பலகையோ வேறு மாதிரி சொன்னால் அவை சொல்வதே சரி. கடிகாரக் கணக்கு அவை இல்லாத இடத்துக்கு.

முடிவெடுத்த பிறகு கண்ணாடிகளைப் பாருங்கள். நடுக்கண்ணாடி, அப்புறம் நகரப் போகும் பக்கத்துக் கண்ணாடி. அதற்குப் பிறகுதான் இண்டிகேட்டர். பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாமல் போடும் இண்டிகேட்டர் பாதி வேலையைத்தான் செய்யும்.

இரண்டாம் கட்டம்: நெருங்கும்போது எந்தப் பக்கம்

பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட் சொல்லும் முறை இடப்பக்கம் ஓட்டும் பல நாடுகளில் ஓட்டுநர் பயிற்சியின் அடிப்படையாக இருக்கிறது. அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வழியில் இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்றால் இடது இண்டிகேட்டரைப் போட்டு, இடது லேனில் வாருங்கள். வெளியேறும் வரை அது அணையாமல் இருக்கட்டும். இதில் சிக்கல் ஏதும் இல்லை.

நேராகப் போவதானால், நெருங்கும்போது எந்த இண்டிகேட்டரும் வேண்டாம். அம்புக்குறி வேறு சொல்லாவிட்டால் இடது லேன். நுழைந்த பிறகு, உங்கள் வழிக்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடது இண்டிகேட்டர் போடுங்கள். நேராகப் போகிறோம் என்று காட்டுவதற்காகச் சிலர் வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எதிர்ச் சாலையில் காத்திருப்பவர் அதைப் பார்த்து, இந்த வண்டி தன்னையும் கடந்து சுற்றப் போகிறது என்று நின்றுவிடுவார். நேர்வழிக்கு இண்டிகேட்டர் போடாமல் வருவதே ஒரு தகவல்தான்.

வலப்பக்கம் திரும்பவோ, வந்த வழியிலேயே திரும்பிப் போகவோ வேண்டும் என்றால் வலது இண்டிகேட்டர், வலது லேன். உள்ளே சுற்றும் போதும் வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் வழிக்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடது பக்கம் மாற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த மாற்றத்தைத்தான். வலது இண்டிகேட்டர் எரிந்தபடியே இடப்பக்கம் வெளியேறும் வண்டியை எந்த ரவுண்டானாவிலும் பார்க்கலாம். இது இண்டிகேட்டரே போடாததைவிட மோசம், ஏனென்றால் காத்திருப்பவருக்கும் நடந்து கடப்பவருக்கும் உண்மைக்கு நேர் எதிரான செய்தி போய்ச் சேர்கிறது.

ரொம்ப முன்னாலேயே போட்டுவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் ஒரு சந்தோ பெட்ரோல் பங்கோ இருந்தால், அங்கே இருந்து வெளியே வரக் காத்திருப்பவர் உங்கள் இடது இண்டிகேட்டரைப் பார்த்து, நீங்கள் அதற்குள்தான் திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி வண்டியை நகர்த்துவார். அந்த வாயிலைக் கடந்த பிறகு போடுங்கள்.

மூன்றாம் கட்டம்: கோட்டில் காத்திருக்கும்போது

நிற்க வேண்டி வந்தால் இண்டிகேட்டரை அணைக்காதீர்கள். பார்வை வலப்பக்கம் இருக்கட்டும். ஆனால் வலப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. ரவுண்டானா வாயில்களில் சாதாரணமாக நடக்கும் மோதல் ஒன்று உண்டு. உங்களுக்கு முன்னால் நிற்பவர் நகர்கிறார். வலப்பக்கம் பார்க்கிறீர்கள், இடைவெளி இருக்கிறது, அவர் போயிருப்பார் என்று நினைத்து நீங்களும் நகர்கிறீர்கள். அவரோ தயங்கி மறுபடி பிரேக் போட்டுவிட்டார். நகரும் முன் கடைசிப் பார்வை எப்போதும் முன்னால் இருக்க வேண்டும்.

அடுத்து, பிறர் போடும் இண்டிகேட்டரை எந்த அளவு நம்பலாம் என்ற கேள்வி. வலப்பக்கமிருந்து இடது இண்டிகேட்டரோடு ஒரு கார் வருகிறது. உங்களை வந்தடையும் முன்பே வெளியேறப் போகிறது போலத் தெரிகிறது. நுழையலாமா? இண்டிகேட்டரை மட்டும் நம்பி நுழையாதீர்கள். முந்தைய திருப்பத்தில் போட்டதை அணைக்க மறந்திருக்கலாம், அல்லது உங்கள் சாலையைக் கடந்த பிறகு வரும் அடுத்த வழிக்காகச் சீக்கிரமே போட்டிருக்கலாம். கூடவே இன்னும் இரண்டு அடையாளங்களைத் தேடுங்கள்: வண்டியின் வேகம் குறைகிறதா, முன் சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டனவா. சக்கரங்களைப் பார்ப்பது நல்ல பழக்கம். கார் உடம்பு திரும்புவதற்கு முன்பே அவை திரும்பிவிடும். மூன்றும் ஒன்றையே சொன்னால் நகரத் தயாராகலாம்.

இண்டிகேட்டர் போடுவதால் உங்களுக்கு முன்னுரிமை கிடைத்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலது இண்டிகேட்டர் போட்டுவிட்டோம், இனி மற்றவர்கள் நிற்கட்டும் என்று நுழைபவர்கள் உண்டு. அது உங்கள் எண்ணத்தை அறிவிக்கிறது, அவ்வளவுதான். வழி கிடைத்திருக்கிறதா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

நான்காம் கட்டம்: உள்ளே, இண்டிகேட்டர் தானாக அணையும் இடம்

நல்ல எண்ணம் உள்ள ஓட்டுநர்களின் இண்டிகேட்டர்கூட ரவுண்டானாவில் தவறிப்போவதற்கு ஸ்டீயரிங்கின் அமைப்பு ஒரு காரணம். பெரும்பாலான கார்களில் திருப்பம் முடிந்து ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் சுழலும்போது இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். சாதாரணத் திருப்பத்தில் இது வசதி. ரவுண்டானாவில் ஸ்டீயரிங் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்கிறது: நுழையும்போது இடப்பக்கம் கொஞ்சம், சுற்றும்போது வலப்பக்கம், வெளியேறும்போது மறுபடி இடப்பக்கம்.

விளைவு என்னவென்று பாருங்கள். வலப்பக்கம் திரும்புவதற்காக வலது இண்டிகேட்டர் போட்டு வந்தீர்கள். நுழைவதற்காக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்த அந்த நொடியிலேயே அது அணைந்துவிடக்கூடும். நீங்களோ அது எரிகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அதேபோல் வெளியேறுவதற்காக இடது இண்டிகேட்டரைப் போட்ட பிறகு வட்டத்தை ஒட்டி இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்தால் அதுவும் அணைந்துவிடலாம். இன்னொரு பக்கம், பெரிய ரவுண்டானாவில் வெளியேறும் வளைவு மென்மையாக இருந்தால், ஸ்டீயரிங் போதிய அளவு திரும்பாததால் இடது இண்டிகேட்டர் அணையாமலே இருக்கும். அப்படியே அரை கிலோமீட்டர் போனால் வழியில் இருக்கும் ஒவ்வொரு சந்திலும் காத்திருப்பவர் குழம்புவார்.

நுழைந்தவுடன் ஒரு தடவை, வெளியேறியவுடன் ஒரு தடவை ‘டிக் டிக்’ சத்தத்தைக் கவனியுங்கள், இல்லை டாஷ்போர்டில் பச்சை அம்பைக் கண்ணோரத்தில் பாருங்கள். பாட்டுச் சத்தம் அதிகமாக இருந்தால் அந்த டிக் டிக் கேட்காது. பெரும்பாலான டூவீலர்களில் தானாக அணையும் வசதியே இல்லை. வெளியேறியதும் கட்டைவிரலால் அணைப்பதை அனிச்சைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரில் இடது இண்டிகேட்டர் எரிந்தபடி நேராகப் போகும்போது குறுக்கே யாராவது வந்துவிட்டால் அடிபடுவது ஸ்கூட்டரில் இருப்பவர்தான்.

ஐந்தாம் கட்டம்: வெளியேறும் இண்டிகேட்டர்

விதி சுலபமானது. உங்கள் வழிக்கு முந்தைய வழியை வண்டி கடக்கும்போது இடப்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், கடந்ததும் இடது இண்டிகேட்டரைப் போடுங்கள், உங்கள் வழியில் வெளியேறுங்கள்.

அதைவிடச் சீக்கிரம் போட்டால், முந்தைய வழியிலேயே வெளியேறப் போகிறீர்கள் என்று அங்கே காத்திருப்பவர் நினைத்து உங்கள் முன்னால் நுழைந்துவிடுவார். தாமதமாக, வெளியேறும் வளைவிலேயே போட்டால் அது யாருக்கும் உதவாது. வண்டி திரும்புவதை எல்லோரும் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

இதற்கு உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி போகும் பாதையின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்று சுமார் 75 மீட்டர். நான்கு சாலைகள் சமமாக இருந்தால் ஒரு வழிக்கும் அடுத்த வழிக்கும் நடுவே 19 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 7 மீட்டர் போகிறது. ஆக, கையில் இருப்பது ஏறத்தாழ 2.7 விநாடி. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது சர்வதேச விதி. நடுவே 90 என்று எடுத்தால் அந்த நேரத்தில் நான்கு மின்னல்கள். மற்றவர் பார்த்துப் புரிந்துகொள்ள அது போதும். ஒரு விநாடி தாமதித்தாலும் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். முந்தைய வழியைக் கடந்ததும் உடனே போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்றைய கார்கள் பலவற்றில் லீவரை லேசாகத் தட்டினால் மூன்று முறை மின்னி நின்றுவிடும். அது லேன் மாறுவதற்காக வைத்த வசதி. மூன்று மின்னலுக்கு இரண்டு விநாடிதான் ஆகும், நீங்கள் வெளியேறத் தொடங்குமுன் விளக்கு நின்றுவிடும். ரவுண்டானாவில் லீவரை முழுதாகத் தள்ளுங்கள்.

வழிகள் ரொம்ப நெருக்கமாக இருக்கும் சிறிய ரவுண்டானாவில் இதற்குக்கூட நேரம் கிடைக்காமல் போகலாம். ஸ்டீயரிங்கைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதா, இண்டிகேட்டரா என்ற நிலை வந்தால் ஸ்டீயரிங்தான் முதலில். ஆனால் அப்படி நேரம் இல்லாமல் போவதற்குப் பல சமயம் ரவுண்டானாவின் அளவு காரணம் அல்ல, நாம் நுழைந்த வேகம்தான்.

வெளியேறும்போது இடப்பக்கக் கண்ணாடியோடு, தோளுக்கு மேல் ஒரு சின்னப் பார்வையும் வேண்டும். கண்ணாடியில் தெரியாத மூலையில் டூவீலர் இருக்கலாம். வெளியேறும் சாலையின் வாயிலில் நடந்து கடக்கும் கோடுகள் இருந்தால், வட்டத்தை விட்டு வரும் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். கடப்பவர் இறங்கிவிட்டார் என்றால் நின்று வழிவிடுங்கள். நீங்கள் இண்டிகேட்டர் போட்டிருந்தால் பின்னால் வருபவரும் நீங்கள் நிற்கலாம் என்று எதிர்பார்த்திருப்பார்.

பல லேன்கள் இருக்கும்போது

இரண்டு மூன்று லேன் உள்ள ரவுண்டானாவில் இண்டிகேட்டரைவிட லேன்தான் முதலில் பேசும். வலது லேனில் வந்து இடது இண்டிகேட்டர் போட்டு முதல் வழியில் பாய்பவர், இடது லேனில் நேராகப் போகிறவரின் குறுக்கே வெட்டுகிறார். இண்டிகேட்டர் போட்டதால் அது சரியாகிவிடாது. தவறான லேனில் வந்துவிட்டீர்கள் என்றால் அந்த லேன் கொண்டுபோகும் வழியில் போங்கள், அல்லது இன்னொரு சுற்று சுற்றுங்கள்.

வழியைத் தவறவிட்டாலும் இதையேதான் செய்ய வேண்டும். பிரேக் போடாதீர்கள், பின்னால் எடுக்கவே எடுக்காதீர்கள். வலது இண்டிகேட்டரைப் போட்டு இன்னொரு சுற்று வாருங்கள். வேறெந்தச் சந்திப்பிலும் கிடைக்காத வசதி இது. எத்தனை சுற்று சுற்றினாலும் யாரும் கணக்கு வைக்கப் போவதில்லை.

உள் லேனிலிருந்து வெளியேறுபவர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். உங்கள் இடப்பக்கம் இருக்கும் வண்டி வெளியேறாமல் தொடர்ந்து சுற்றலாம். இடது இண்டிகேட்டர் போட்டு, இடப்பக்கக் கண்ணாடி பார்த்து, தோள் மேல் பார்த்து, இடம் இருந்தால் மட்டும் வெளியேறுங்கள்.

லாரி, பஸ், டிரெய்லர்களை ரவுண்டானாவுக்குள் ஒட்டிப் போகாதீர்கள். வளைவில் அவற்றின் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன பாதையில் போவதில்லை, உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் அவை இரண்டு லேனையும் எடுத்துக்கொள்கின்றன. இடது இண்டிகேட்டர் போட்டிருந்தும் வலப்பக்கம் விலகி நிற்கும் டிரெய்லரைப் பார்த்தால், இடப்பக்கம் இருக்கும் காலி இடம் உங்களுக்கானது அல்ல. அதன் பின்பகுதி வரப்போகும் இடம் அது.

சைக்கிள்காரர்கள் வட்டத்தில் முழுதாகச் சுற்றிப் போகும்போதும் இடது லேனிலேயே இருக்கலாம். அப்போது தாங்கள் வெளியேறவில்லை என்று காட்ட வலது கையை நீட்டுவார்கள். அவர்களைக் கடந்து போய் உடனே அவர்கள் முன்னால் இடப்பக்கம் வெட்டுவது ரவுண்டானாவில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று. உங்கள் வழி பக்கத்தில் இருந்தால் அவர்கள் பின்னாலேயே போங்கள், இரண்டு விநாடிதான் கூடும்.

நெதர்லாந்தில் 1990களில் லாம்பர்டஸ் ஃபோர்தைன் வடிவமைத்த டர்போ ரவுண்டானா இந்த லேன் குழப்பத்தைக் கட்டுமானத்தாலேயே தீர்க்கப் பார்க்கிறது. லேன்கள் சுருள் வடிவில் வெளிநோக்கிப் போகும். பல இடங்களில் அவற்றுக்கு நடுவே சிறு தடுப்பும் இருக்கும். உள்ளே லேன் மாற முடியாது, ஆகவே நுழையும் முன் சரியான லேனைப் பிடித்தே ஆக வேண்டும். அங்கேயும் வெளியேறும் இண்டிகேட்டர் தேவை. காத்திருப்பவரின் கேள்வி மாறவில்லை.

சாலை நடுவே வெறும் பெயின்ட் வட்டமோ தட்டையான மேடோ உள்ள மினி ரவுண்டானாவைப் பிரிட்டனில் பிராங்க் பிளாக்மோர் உருவாக்கினார். அந்தப் பெயின்ட் வட்டத்தின் மேல் ஏறி நேராகப் போகக் கூடாது. சுற்றியே போக வேண்டும். சுற்ற முடியாத பெரிய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அங்கே வெளியேறும் இண்டிகேட்டருக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது, ஆகவே நெருங்கும்போது போடும் இண்டிகேட்டரே முழுச் செய்தியையும் சுமக்கிறது. ஸ்விண்டன் நகரில் 1972இல் வந்த ‘மேஜிக் ரவுண்டானா’ ஐந்து மினி ரவுண்டானாக்களை ஒரு பெரிய வட்டமாக அடுக்கியது. பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனி ரவுண்டானாவாக எடுத்துக்கொண்டால் ஓட்டிவிடலாம்.

நாட்டுக்கு நாடு

வெளிநாட்டில் வண்டி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, நெருங்கும்போது போடும் இண்டிகேட்டர் நாட்டுக்கு நாடு மாறும் என்பது. ஜெர்மனியில் ரவுண்டானாப் பலகையும் வழிவிடு பலகையும் சேர்ந்து உள்ள இடத்தில், நுழையும்போது இண்டிகேட்டர் போடுவதே தடை. வெளியேறும்போது போடுவது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் திரும்பும் திசையை நெருங்கும்போதே காட்ட வேண்டும், முடிந்தவரை வெளியேறும்போதும் இடது இண்டிகேட்டர் போட வேண்டும். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இப்படி நுழைவு விதி எங்கே எப்படி இருந்தாலும், வெளியேறும்போது போடுகிற பழக்கம் இந்த முறைகளில் எல்லாம் பொருந்திப் போகிறது. புது நாட்டில் முதல் நாள் வண்டி எடுக்கும்போது நிச்சயமாகக் கடைப்பிடிக்க வேண்டியது எது என்று கேட்டால் என் பதில் அதுதான்.

நல்லெண்ணமும் குழப்பமும்

ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ‘நான் நேராகப் போகிறேன்’ என்று அறிவிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நான்கு விளக்கும் மின்னுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் பக்கத்துச் சாலையில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். அவர் பார்ப்பது ஒரே ஒரு இண்டிகேட்டரை. இடப்பக்கம் நிற்பவர் இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்று நம்புவார், வலப்பக்கம் நிற்பவர் அதற்கு எதிராக நம்புவார். அதுமட்டும் இல்லை, ஹசார்ட் எரியும்போது வெளியேறும் இண்டிகேட்டரைத் தனியாகக் காட்டவே முடியாது.

ஹெட்லைட்டை மின்ன வைப்பதும் இப்படித்தான். ஒரு ஊரில் அதற்கு ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள், இன்னொரு ஊரில் ‘நான் வருகிறேன், நில்லுங்கள்’. எதிரெதிரான பொருள் உள்ள ஒன்றை நம்பி யாரும் வண்டியை நகர்த்தக் கூடாது. யாராவது மின்ன வைத்தால், அந்த வண்டி உண்மையில் வேகம் குறைக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் வண்டியை நிறுத்தி, காத்திருப்பவரைக் கையசைத்து உள்ளே விடுவதும் உண்டு. மனசு நல்லதுதான். ஆனால் அந்த அசைவு இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பின்னால் வருபவருக்கும் பக்கத்து லேன்காரருக்கும் தெரியாது. அவர்கள் விதியை நம்பித் தங்கள் வேகத்தில் வருகிறார்கள். உங்களுக்கு முன்னுரிமை இருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போவதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. இரக்கம் காட்ட ஆசை என்றால் அதற்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது: நீங்கள் வெளியேற வேண்டிய சாலை அடைத்துக் கிடந்தால் வட்டத்துக்குள் நுழையாதீர்கள். நுழைந்து நடுவில் நின்றால் மற்ற எல்லா வழிகளையும் அடைக்கிறீர்கள். கோட்டில் பத்து விநாடி பொறுத்தால் குறுக்கே போக வேண்டியவர்கள் போய்விடுவார்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

இண்டிகேட்டர் போடாமல் போனவரைத் துரத்தி ஹார்ன் அடிப்பதாலோ ஒட்டிப் போவதாலோ அவர் கற்றுக்கொள்வதில்லை. ஹார்ன் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எச்சரிக்க. அதற்கு மட்டும் வையுங்கள். ‘எல்’ பலகை மாட்டிய வண்டி வாயிலில் தயங்கி நின்றால் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு நில்லுங்கள். பின்னால் நெருக்கும் வண்டிதான் பழகுநரைத் தவறான நேரத்தில் உள்ளே தள்ளுகிறது.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது, இன்னும் நுழையாதவர்கள் நுழையாமல் ஒதுங்கி நில்லுங்கள். உள்ளே இருப்பவர்கள் அங்கேயே நிற்காதீர்கள். இடது இண்டிகேட்டர் போட்டு அடுத்த வழியில் வெளியேறி, அங்கே ஓரம் கட்டுங்கள். அது உங்கள் வழியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பழகுவது எப்படி

இதையெல்லாம் ஒரே நாளில் நெரிசலில் பழக முடியாது. வண்டிகள் குறைந்த நேரத்தில், ஒரே ஒரு லேன் உள்ள ரவுண்டானாவைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வெளியேறும் இண்டிகேட்டரை மட்டும் பழகுங்கள். நேர்வழி, இடது, வலது என்று மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொரு முறையும் முந்தைய வழியைக் கடக்கும்போது ‘அடுத்தது நம்முடையது’ என்று வாய்விட்டுச் சொல்லி இடது இண்டிகேட்டர் போடுங்கள். வாய்விட்டுச் சொல்வது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கை அந்த வார்த்தையோடு பழகிக்கொள்ளும். அது கைக்கு வந்ததும் வலதிலிருந்து இடதுக்கு மாற்றுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்று சுற்றி வந்த வழியிலேயே வெளியேறுவது இதற்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு வழியாகக் கடந்து எண்ண வேண்டியிருக்கும்.

பல லேன் உள்ள ரவுண்டானாவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு முறை பஸ்ஸிலோ, வேறு யாராவது ஓட்டும் காரிலோ முன் இருக்கையில் உட்கார்ந்து அதே ரவுண்டானாவைக் கடந்து பாருங்கள். ஸ்டீயரிங் கையில் இல்லாதபோது எந்த லேன் எந்த வழிக்குப் போகிறது, பலகை எங்கே இருக்கிறது, நடந்து கடப்பவர்கள் எந்த வாயிலில் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் நிதானமாகக் கண்ணில் படும்.